சி.டி. 90: ஹெட்டில் ஆடும் சைலன்சர் குழாய், எத்தனை தரம் இறுக்கினாலும் கழல்கிறது

வாய்க்கால்கரை:

வணக்கம். வட்டக்கச்சியில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது அப்பாவின் ஹொண்டா சி.டி. 90. 2008 கடைசியில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் மூடிவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் சில்லும் இல்லை, பெற்றோல் தாங்கியும் இல்லை. எஞ்சின், சட்டம், சைலன்சர் மட்டும் வளவு மூலையில் மழையில் நனைந்தபடி கிடந்தன. பல வருடமாகத் துண்டு துண்டாகச் சேர்த்து இந்தத் தைப்பொங்கலுக்குத்தான் ஓடவைத்தேன்.

இப்போது ஒரு பிரச்சினை. சைலன்சர் குழாய் எஞ்சின் ஹெட்டில் வந்து சேரும் இடத்தில் இரண்டு நட்டு இருக்கிறது அல்லவா, அவை நிற்கவே மாட்டேன் என்கின்றன. காலையில் இறுக்கிவிட்டுப் பரந்தன் வரை போய் வந்தால் பின்னேரம் குழாய் கையில் ஆடுகிறது. ஆக்சிலேற்றரை விட்டவுடன் படபடவென்று வெடிக்கிறது. ஹெட்டின் அலுமினியச் செதில்களில் கறுப்புப் புகைக்கோடு படிந்திருக்கிறது. வலப்பக்க நட்டை இறுக்கும்போது ஒரு கட்டத்துக்கு மேல் சும்மா சுற்றுகிறது.

ஒரு கராஜில் காட்டினேன். வெள்ளைக் கயிறு ஒன்றைச் சுற்றி, மேலே ஏதோ பசை பூசி, நன்றாக இறுக்கித் தந்தார்கள். ஒரு கிழமை நின்றது. எட்டாம் நாள் உமையாள்புரத்தடியில் குழாய் முழுதாகக் கழன்று கீழே தொங்கிவிட்டது. கட்டுக்கம்பியால் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவி ரீச்சர்:

தம்பி, என் சி 90 இலும் இதே கதைதான். பாடசாலைக்குப் போகும் கிரவல் றோட்டில் ஒரு நட்டு எங்கே விழுந்தது என்றே தெரியாது. தொங்கிய குழாய் கணுக்காலில் பட்டுச் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. வெறும் கட்டுக்கம்பியை நம்பி ஓடவேண்டாம். கம்பி சூட்டில் இளகி நீளும், பிறகு ஒரு குழியில் அறும். பதில் வரும்வரை நானும் காத்திருக்கிறேன்.

பரந்தன் சந்தி:

தம்பி, ஹெட்டை விடுங்கள். முதலில் சைலன்சரின் வாலைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, வண்டியை நடு ஸ்ராண்டில் விட்டு, ஒரு கையால் வாலை மேலும் கீழும் அசையுங்கள். மற்றக் கை விரலை ஹெட்டில் குழாய் சேரும் மூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அசைவு விரலுக்குத் தெரிகிறதா?

அடுத்தது, சைலன்சரைச் சட்டத்தோடு பிடிக்கும் காது. அதில் போல்ட் இருக்கிறதா? சரியான போல்ட்டா, அல்லது ஏதாவது செருகி வைத்திருக்கிறீர்களா? காதின் ஒட்டில் வெடிப்பு இருக்கிறதா? இதைப் பார்த்துச் சொன்னால் மிச்சம் கதைக்கலாம்.

பழைய பீஎஸ்ஏ:

நான் வவுனியா. சி.டி. 90 எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. வீட்டில் இருப்பது பீஎஸ்ஏ பி31, 350 சீசீ. 1945 இல் இருந்து 1959 வரை பேர்மிங்காமில் செய்த வகை. ஹொண்டாவில் இருப்பதுபோல ஸ்டட்டும் (ஹெட்டில் இருந்து நீட்டிநிற்கும் புரிக்கம்பி) நட்டும் அதில் இல்லை. குழாயின் முனையை ஹெட்டின் துவாரத்துக்குள் அடித்து இறுகச் செருகுவதுதான். அது ஆடத் தொடங்கினால் இறுக்குவதற்கு நட்டே கிடையாது.

எனக்கும் அது ஒருமுறை ஆடியது. சோடா டின்னை வெட்டிச் சுற்றிச் செருகச் சொன்னார்கள், செய்தேன். அலுமினியத் தகடு 660 பாகையில் உருகும் சாமான். எஞ்சின் வாயில் அது எத்தனை நாள் நிற்கும்? இரண்டு கிழமையில் பொரிந்து காணாமல் போய்விட்டது. பிறகு லேத் பட்டறையில் குழாய் முனையைச் சற்று விரித்து, மெல்லிய உருக்குத் தகட்டில் வளையம் செய்து போட்டுத்தான் இறுகியது. ஆனால் இரண்டு மாதத்தில் மறுபடி ஆட்டம்! காரணம் பின்னால் இருந்த தாங்குப்பட்டை. அது முறிந்து சைலன்சரின் முழுப் பாரமும் முன்னால் தொங்கியிருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை. அதனால் பரந்தன்காரர் கேட்ட கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

வாய்க்கால்கரை:

பார்த்தேன் அண்ணை. வாலைத் தூக்கினால் ஹெட்டில் விரலுக்கு நன்றாகத் தெரிகிறது. ஏறத்தாழ ஒரு நெல்மணிக் கனத்துக்கு அசைகிறது. காதில் போல்ட்டுக்குப் பதிலாக நான்தான் வேலிக்கம்பியை முறுக்கி விட்டிருந்தேன், வண்டியைக் கூட்டும்போது போல்ட் கிடைக்கவில்லை என்று. கம்பியைக் கழற்றிப் பார்த்தால் காதின் ஒட்டில் முடிபோல ஒரு வெடிப்பு, பாதி தூரம் ஓடியிருக்கிறது.

பரந்தன் சந்தி:

அதுதான். உங்கள் குழாயை ஹெட்டில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்டட் தாங்கவில்லை, தாங்கவும் அவற்றைச் செய்யவில்லை. இரண்டும் 6 மில்லிமீற்றர். வாயை ஹெட்டோடு அணைத்துப் புகை கசியாமல் வைப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. பாரத்தைச் சுமப்பது பின்னால் இருக்கும் காது. காது போனால் சைலன்சர் ஒரு நெம்புகோல் ஆகிவிடும். வாலில் ஒரு கிலோ ஆடினால் ஹெட்டடியில் அது பல மடங்காக இழுக்கும். கிரவலில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு இழுப்பு. நட்டு கழலாமல் என்ன செய்யும்? நட்டு கழலாவிட்டால் அலுமினியத்தில் இருக்கும் புரி கழன்று வரும். வலப்பக்கம் சும்மா சுற்றுகிறது என்றீர்களே, அது நடந்துவிட்டது.

ஆகவே செய்யும் ஒழுங்கு: காது, பிறகு ஸ்டட், பிறகு குழாய் வாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவில் நசிந்து புகையை அடைக்கும் செப்பு வளையம், கடைசியில் இறுக்கம். கராஜில் இந்த ஒழுங்கின் கடைசிப் படியை மட்டும் செய்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளைக் கயிற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய கயிறு என்றால் அஸ்பெஸ்டஸாக இருக்க நிறைய வாய்ப்பு. உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், ஊதித் தட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஈரத்தோடு எடுத்து, பையில் கட்டிப் புதையுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. நான் வேலை பழகிய காலத்தில் இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

புதுக்குடி வெல்டிங்:

இவ்வளவு மினக்கெட வேண்டுமா? 3 மில்லிமீற்றர் பிளாட் இரும்பை இரண்டு இடத்தில் குழாயோடு ஒட்டி, மறுமுனையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டால் வாழ்நாளுக்கும் ஆடாது. நான் உழவு மெசினுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

பரந்தன் சந்தி:

உங்கள் கைவேலையை நான் மதிக்கிறேன் அண்ணை, ஆனால் இதில் உடன்படமாட்டேன். ஒரு மீற்றர் உருக்குக் குழாய் 200 பாகை சூடேறினால் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் நீளும். முன்னால் ஹெட்டிலும் பின்னால் சட்டத்திலும் அசையாமல் பூட்டிவிட்டால் அந்த நீளம் எங்கே போகும்? ஒட்டுக்குப் பக்கத்தில் குழாய் வெடிக்கும், அல்லது ஹெட்டில் ஸ்டட் முறியும். உழவு மெசினில் புகைக்குழாய் கட்டையானது, நிமிர்ந்து நிற்பது, அதற்கு நீளுவதற்கு மேலே வானம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அந்த இடம் இல்லை.

அதோடு சட்டத்தில் ஒட்டிவிட்டால் நாளைக்கு எஞ்சின் ஹெட்டைக் கழற்ற ஒவ்வொரு தரமும் கிரைண்டர் பிடிக்கவேண்டும். அப்பாவின் வண்டியை அப்படி வெட்ட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

புதுக்குடி வெல்டிங்:

சரி, நீள்வதைப் பற்றிச் சொன்னது நியாயம். அப்படியென்றால் காதில் வட்டத் துளை போடாமல் நீள்துளை போடலாம், போல்ட் சற்று நகர இடமிருக்கும். ஆனால் றப்பர் வைக்கச் சொல்லப் போகிறீர்கள் என்றால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சைலன்சரில் றப்பர் கருகிப் பிசின் மாதிரி ஆனதை எத்தனை வண்டியில் சுரண்டியிருப்பேன்.

பரந்தன் சந்தி:

நீள்துளைதான் சரி, அதை நீங்கள் சொன்னது நல்லது. றப்பர் கருகுவதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஹெட்டுக்குக் கிட்ட வைப்பது. வால் பக்கத்தில் சூடு எவ்வளவோ குறைவு. மற்றது, போல்ட்டை நேரே றப்பரில் இறுக்குவது. றப்பர் வாசருக்கு நடுவில் சின்ன இரும்புக் குழல் ஒன்று வெட்டிப் போடுங்கள், றப்பரை விட ஒரு நூல் கட்டையாக. போல்ட் அந்தக் குழலில் போய் இறுகும், றப்பர் நசியாது, நடுக்கத்தை மட்டும் வாங்கும். லொறி ரயரின் பக்கச் சுவரில் வெட்டிய வாசர் என்றால் இன்னும் நல்லது.

இரும்பு வெட்டும்போது ஒன்று கவனியுங்கள். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயையோ பட்டையையோ எடுத்து ஒட்டவேண்டாம். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். கறுப்பு இரும்பு போதும். சைலன்சரை வண்டியில் இருந்து கழற்றிவிட்டுத்தான் ஒட்டவேண்டும். பின்சில்லைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கவரில் (ஸ்விங் ஆர்மில்) எதையும் பிடிக்கவே கூடாது. பிடித்தால் ஒவ்வொரு குழியிலும் அதுவே குழாயை உதைக்கும்.

வாய்க்கால்கரை:

காது வேலை விளங்கிவிட்டது. ஸ்டட்டை எப்படி எடுப்பது? இடப்பக்க ஸ்டட்டில் புரி நன்றாக இருக்கிறது, ஆனால் துருவில் நட்டோடு சேர்ந்து பிடித்திருக்கிறது. வலப்பக்கத்தது ஹெட்டுக்குள் சுற்றுகிறது.

பரந்தன் சந்தி:

இடப்பக்கத்தை அவசரப்பட்டு முறுக்க வேண்டாம். 6 மில்லிமீற்றர் ஸ்டட் ஹெட் மட்டத்தில் முறிந்தால் பிறகு ஒரு நாள் வேலை. பின்னேரம் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, சூட்டோடு ஸ்டட்டின் அடியில் மெழுகுதிரியை வைத்து அழுத்துங்கள். மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கும். பெற்றோல் குழாயை மூடிவிட்டுச் செய்யுங்கள். பிறகு 10 நம்பர் ஸ்பானரால் கால் சுற்றுத் திருப்பி, அரைக் கால் சுற்று இறுக்கி, இப்படி முன்னும் பின்னுமாக. கிறீச் என்ற சத்தம் வந்தால் நிறுத்தி மறுபடி மெழுகு. நட்டு வந்து, ஸ்டட்டையும் எடுக்க நினைத்தால் இரண்டு நட்டை ஒன்றோடு ஒன்று முட்ட இறுக்கி, உள் நட்டைத் திருப்புங்கள்.

வலப்பக்கம் அலுமினியப் புரி போய்விட்டது. அதற்கு இரண்டு வழி. சுருள் கம்பிப் புரி போடலாம், லேத் பட்டறைக்காரருக்குத் தெரியும். அது கிடைக்காவிட்டால் படி ஸ்டட் கடையலாம். ஹெட்டுக்குள் போகும் பக்கம் 8 மில்லிமீற்றர், வெளிப்பக்கம் பழைய 6. ஹெட்டில் 6.8 துரப்பணம் விட்டு 8 புரி வெட்டவேண்டும். துரப்பண அலகில் ஆழத்தை அளந்து ஒட்டுநாடா சுற்றி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். ஆழம் கூடினால் புகைத் துவாரத்துக்குள்ளேயே வெளிவரும், பிறகு ஹெட்டையே கழற்றவேண்டும். அலகு சாயவும் கூடாது. இதைக் கைத் துரப்பணத்தால் வளவில் வைத்துச் செய்யாதீர்கள். மற்ற எல்லாம் நீங்களே செய்யலாம், இதற்கு மட்டும் பட்டறைக்குப் போங்கள்.

ஸ்டட்டில் கழலாமல் நிற்கப் பசை ஏதும் போடவேண்டாம், சாதாரணப் பசை அந்தச் சூட்டில் விட்டுவிடும். பித்தளை நட்டு கிடைத்தால் வாங்குங்கள். உருக்கோடு துருப்பிடித்து ஒட்டாது.

மல்லாவி ரீச்சர்:

அண்ணை, அந்தச் செப்பு வளையத்தைப் புதிதாகத்தான் போடவேண்டுமா? துணுக்காய், மல்லாவிக் கடைகளில் கேட்டேன், இல்லை என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுப்பிக்கலாம் என்கிறார்கள், அதற்கு நாளாகும்.

பரந்தன் சந்தி:

புதியது நல்லது ரீச்சர். இல்லாவிட்டால் பழையதை இளக்கலாம். செம்பு நசிந்து நசிந்து விறைத்துப்போகும், அதனால்தான் இரண்டாம் தரம் அணையாது. மங்கல் சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் திரும்ப மெதுவாகிவிடும். ஆனால் முழுச் செம்பாக இருந்தால் மட்டும். உள்ளே நார் வைத்து மேலே செப்புத் தகடு மடித்த வகை என்றால் சூடாக்கவேண்டாம், எறிந்துவிடுங்கள். அந்த நாரைப் பற்றி மேலே சொன்னதுதான்.

பழைய வளையம் ஹெட்டின் துவாரத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், பலர் காணமாட்டார்கள். அதன் மேலேயே புதியதைப் போட்டு இரண்டு வளையமாக நிற்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டோர்ச் அடித்துப் பாருங்கள்.

வாய்க்கால்கரை:

ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன். அண்ணை சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன்.

சைலன்சரைக் கழற்றிக் கையில் எடுத்தபோது ஒரு பக்கம் கனமாக இருந்தது. வாலைக் கீழே பிடித்து மரக்கட்டையால் தட்டினேன். கட்டி கட்டியாகக் கரி விழுந்தது, பிசுபிசுப்பாக, மண்ணெண்ணெய் மணத்தோடு. அம்மா குசினியில் இருந்து வெளியே வந்து, ‘இது அப்பான்ர மணம்’ என்றார். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாத காலம் முழுக்க இந்த வண்டி மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சின்னப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருப்பார். கிக் அடிக்கும்போது காபரேற்றருக்குள் நாலு சொட்டு, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய். பின்னால் வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகுதான் தாங்கி நிறையப் பெற்றோல் கண்டது. அந்த நாள் கரி இவ்வளவு காலமும் உள்ளே இருந்திருக்கிறது.

தட்டி வந்ததைத் தவிர உள்ளே இன்னும் பிடித்திருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம் அண்ணை?

பரந்தன் சந்தி:

கோஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் கரி விடும். உருக்குச் சைலன்சருக்கு மட்டும். அலுமினியத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது, அலுமினியத்தைத் தின்னும். தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்து முகத்தில் அடிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவேண்டாம், பிள்ளைகள், மாடு கிட்ட வராத இடத்தில் வையுங்கள். முன்பு எங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலேயே இந்தச் சோடா செய்தார்கள். என் மாமா அங்கே வேலை. கையில் பட்ட வெள்ளைத் தழும்பைக் காட்டித்தான் எங்களுக்கு அதைப் பற்றிச் சொல்லித் தந்தார்.

மண்ணெண்ணெய்க் காலத்தில் நாங்கள் சைலன்சரை மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டினோம். கழற்றிக் கழற்றியே பல வண்டிகளில் இந்தப் புரி போனது.

வாய்க்கால்கரை:

சரி அண்ணை. சோடா வேலையைப் பிறகு வைத்துக்கொண்டேன். மற்றவை முடிந்தன.

இடப்பக்க நட்டு மூன்றாம் மெழுகுக்கு விட்டது. வலப்பக்கத்துக்குக் கிளிநொச்சியில் லேத் பட்டறையில் படி ஸ்டட் கடைந்து போட்டார்கள். துவாரத்துக்குள் டோர்ச் அடித்தேன், அண்ணை சொன்னபடியே பழைய வளையம் ஒன்று கரிக்குள் புதைந்து கிடந்தது. கத்தி முனையால் சுற்றிச் சுற்றி நெம்பி எடுத்தேன். முழுச் செம்பு. அடுப்பில் சிரட்டைக் கரி போட்டு ஊதுகுழலால் ஊதினேன். கறுப்பாக இருந்த வளையம் முதலில் வானவில் நிறம் காட்டியது, பிறகு மங்கல் சிவப்பு. குறட்டால் எடுத்துச் சிரட்டைத் தண்ணீரில் போட்டதும் கரி உரிந்து புதுச் செம்பு நிறம். விரலால் அழுத்தினால் வளைகிறது, முன்பு இரும்புபோல இருந்தது.

காதுக்கு 25 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் கனம் பிளாட் இரும்பு. முதலில் பால்மாப் பெட்டி மட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் இரும்பை வெட்டினேன். சைலன்சர் பக்கம் ஒட்டு, சட்டத்துப் பக்கம் 8 போல்ட்டுக்கு 14 நீளத்தில் நீள்துளை, நடுவில் குழல் வைத்த லொறி ரயர் வாசர். இறுக்குவது எந்த ஒழுங்கில்?

பரந்தன் சந்தி:

எல்லாவற்றையும் முதலில் தளரவே பூட்டுங்கள், ஒன்றையும் இறுக்காமல். குழாய் தானாக ஹெட்டில் நேராக உட்காரவேண்டும். காதுத் துளைக்குப் போல்ட்டைக் கொண்டுவரக் குழாயை வளைத்து இழுக்க வேண்டி வந்தால் காது பிழை, திரும்ப வளையுங்கள். வலிந்து பூட்டிய குழாய் ஓயாமல் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்.

பிறகு ஹெட் நட்டு இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக. இரண்டு பக்கமும் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி ஒன்றாக இருக்கவேண்டும். சின்ன ஸ்பானரால் மணிக்கட்டு பலம் போதும், குழாய் போட்டு நீட்ட வேண்டாம். கடைசியாகத்தான் பின்காது. பத்து நிமிடம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, ஹெட் நட்டை இன்னொருமுறை பாருங்கள். மெதுவான செம்பு நசிந்திருக்கும், கொஞ்சம் பிடிக்கும். கசிவு பார்க்க, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய கையோடு மூட்டில் சவர்க்கார நுரை தடவுங்கள். குமிழி வந்தால் இன்னும் அணையவில்லை.

பழைய பீஎஸ்ஏ:

நட்டிலும் ஸ்டட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவையுங்கள் தம்பி. கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும். நான் பி31 இல் தாங்குப்பட்டை போல்ட்டுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

வாய்க்கால்கரை:

மூன்று கிழமை ஆகிறது. பரந்தன் நாளாந்தம், ஒரு தரம் தர்மபுரம், விசுவமடு பக்கம், போன வெள்ளி முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மாங்குளம் வரை போய் வந்தேன். வெள்ளைக் கோடு இரண்டும் போட்ட இடத்திலேயே நிற்கின்றன. முதல் நாள் ஆறியபின் கால் சுற்றுப் பிடித்தது, அதோடு சரி. ஆக்சிலேற்றரை விட்டால் வெடிப்பதும் நின்றுவிட்டது. வாலைத் தூக்கினால் முழு வண்டியும் சேர்ந்து அசைகிறது, ஹெட்டில் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெரிய நன்றி அண்ணை. ரீச்சர், காதின் மட்டை என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் மல்லாவி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

மல்லாவி ரீச்சர்:

வேண்டும் தம்பி, நன்றி. சனிக்கிழமை பாடசாலை இல்லை, அன்றைக்கு வெட்டுவிக்கலாம்.

பரந்தன் சந்தி:

ரீச்சர், அந்த மட்டை உங்களுக்குச் சரிவராது. சி 90 இல் சைலன்சர் பிடிக்கும் இடம் வேறு, வளைவும் வேறு. தம்பியின் அகலத்தையும் கனத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சைலன்சரை வண்டியில் தளரப் பூட்டி, ஹெட்டில் நேராக உட்காரவைத்து, அப்படியே மட்டையை வைத்து வரைந்து வெட்டுங்கள். ஒட்ட முதல் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.